மீன் வளர்க்கற மெயின் டேங்க்லயே (டிஸ்ப்ளே டேங்க்) காப்பர் மருந்து ஊத்திட்டேன். இப்ப அதை எப்படி வெளிய எடுக்கறது?

வில்லிவாக்கம்_வாசி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கதை. தப்பு என்னோடதுதான், அதனால திட்டறவங்க திட்டிட்டு அப்படியே பதிலும் சொல்லிட்டுப் போங்க.

டேங்க் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம். சம்ப் (கீழ வைக்கற தனி ஃபில்டர் தொட்டி) கிடையாது. பின்னாடி தொங்கற ஃபில்டர், அழுக்கை நுரையாப் பிரிக்கற ஸ்கிம்மர் ஒண்ணு, அவ்ளோதான். உள்ள 35 கிலோ கல்லு, அடியில ரெண்டு இன்ச் அரகனைட் மணல். ரெண்டு வருஷமா உப்புத்தண்ணியில நல்லா ஓடிட்டிருந்தது. மீனுங்கன்னா க்ளவுன் ஜோடி, மஞ்சள்வால் டாம்சல் ஒண்ணு, கோரல் பியூட்டி ஒண்ணு. பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு ப்ளூ டாங் மீன் வாங்கிட்டு வந்தேன். தனியா வைக்கல. "கடையில ஒரு மாசமா இருக்கு சார், ஒரு குறையும் இல்ல"ன்னாங்க, நானும் நம்பி நேரா உள்ள விட்டுட்டேன்.

ஒம்பதாவது நாள் காலையில லைட்டைப் போட்டா, டாங் உடம்பு பூரா ரவை தூவினாப்பல வெள்ளைப் புள்ளி. கல்லுல போய்ப் போய் உரசுது. மறுநாள் க்ளவுனுக்கும் வந்துடுச்சு. கடைக்கு ஓடினேன். லேபிள் ஒட்டாத ஒரு பாட்டில்ல நீலத் தண்ணி குடுத்து, லிட்டர் கணக்குக்கு இத்தனை சொட்டுன்னு சொல்லி அனுப்பினாங்க. நானும் டேங்கை அளந்து 340 லிட்டர்னு கணக்குப் போட்டு ஊத்தினேன். காப்பர் அளவு பார்க்கற சாலிஃபெர்ட் டெஸ்ட் கிட் ஒரு நண்பர்கிட்ட இருந்து வாங்கி வச்சிருந்தேன். அன்னிக்கு ராத்திரி லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் காட்டுச்சு. காலையில பார்த்தா 0.15. மறுபடி ஊத்தி 0.2 ஏத்தினேன், திரும்ப இறங்கிடுச்சு. இப்படி ஒம்பது நாள்ல மொத்தம் அஞ்சு தடவை.

மூணாம் நாளே கல்லுக்குள்ள இருந்து முள்ளுப்புழு எல்லாம் வெளிய வந்து செத்துக் கிடந்தது. ஹாலுக்குள்ள நுழைஞ்சாலே நாத்தம். அமோனியா 1 காட்டுச்சு. கோரல் பியூட்டி போயிடுச்சு. ஆறாம் நாள் மத்த மீன்களுக்குப் புள்ளி எல்லாம் மறைஞ்சது. பத்தாம் நாள் மருந்தை நிறுத்தினேன், அப்ப தண்ணியில 0.1.

அதுக்கப்புறம் மூணு வாரம் ஆச்சு. 25 சதவீதம் வீதம் நாலு தடவை தண்ணி மாத்திட்டேன். கிட் பூஜ்யம் காட்டுது. பொண்ணுக்கு க்ளீனர் இறால் வாங்கித் தரேன்னு சொல்லி வச்சிருக்கேன். கண்ணாடியில பாசியும் ஏறுதேன்னு போன ஞாயித்துக்கிழமை முதல்ல ரெண்டு டர்போ நத்தை விட்டேன். திங்கக்கிழமை காலையில ரெண்டும் மல்லாக்க. பூஜ்யம்னா பூஜ்யம்தானே? இன்னும் எங்க இருக்கு காப்பர்? மொத்த டேங்கையும் தூக்கிப் போடணுமா?

---

பழைய_உப்பு எழுதியது:

திட்ட எனக்கு யோக்கியதை இல்ல தம்பி. ஊரைக் காலி பண்ணிட்டுப் போற ஒருத்தர்கிட்ட 2009ல மூணடி டேங்கை கல்லோட வாங்கினேன். லயன்ஃபிஷ் வளர்த்த டேங்க். அவரும் காப்பர் பத்திச் சொல்லல, நானும் கேக்கல. எட்டு துறவி நண்டு, ஒவ்வொண்ணா, ரெண்டு வாரத்துல செத்துப்போச்சு. தண்ணியில ஏதோ அம்மோனியா, நைட்ரைட்னு தேடிட்டே இருந்தேன். கடைசியில விஷம் கல்லுல.

உன் கதையும் அதேதான். ராத்திரி 0.4, காலையில 0.15னு நீயே எழுதியிருக்க. அந்த மிச்சம் ஆவியாப் போகல. உன் கல்லும் மணலும் சுண்ணாம்பு. சுண்ணாம்பு காப்பரைப் பிடிச்சு வச்சுக்கும். குழம்புல உப்பு கூடிப்போனா உருளைக்கிழங்கை வெட்டிப் போடுவோமே, அந்த வேலையை உன் 35 கிலோ கல்லு செஞ்சிருக்கு. நீ ஊத்த ஊத்த அது குடிச்சிருக்கு. நாலு தடவை தண்ணி மாத்தினதுல போனது குழம்புத் தண்ணி மட்டும்தான், கிழங்கு அப்படியே உள்ள கிடக்கு.

இப்ப அது கொஞ்சம் கொஞ்சமா திரும்பக் கசியும். தண்ணியோட பிஹெச் இறங்கினா கசிவு கூடும். கதவை எல்லாம் சாத்திட்டு ஏசி போட்டுத் தூங்கற ரூம்ல டேங்க் இருந்தா விடியக்காலையில பிஹெச் எப்படி விழும்னு ஒரு நாள் எழுந்து அளந்து பாரு. ராத்திரி விட்ட நத்தை காலையில மல்லாந்ததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

கிட் விஷயம். மீனுக்கு மருந்து அளவு சரியா இருக்கான்னு பார்க்கத்தான் அந்தக் கிட். இறாலுக்கும் நத்தைக்கும் ஆகாத அளவு அதைவிட ரொம்பக் கீழ, அந்த நிற அட்டையில வெள்ளையாத்தான் தெரியும். 'பூஜ்யம்'னா 'என் கண்ணுக்குத் தெரியல'ன்னு படிச்சுக்கோ.

இன்னொண்ணு, நீ கேக்கவே இல்ல, ஆனா இதுதான் முக்கியம். உன் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் போகல. ஆறாம் நாள் மறைஞ்சது மருந்தால இல்ல, அது அதோட வழக்கம். அந்த ஒட்டுண்ணி மீன் உடம்புல மூணுல இருந்து ஏழு நாள் தின்னுட்டுத் தானா கீழ விழும். கல்லுலயோ மணல்லயோ ஒட்டிக்கிட்டுக் கூடு கட்டும். அந்தக் கூட்டைக் காப்பர் ஒண்ணும் பண்ணாது. மீன் தோலுக்கு அடியில இருக்கறப்பவும் ஒண்ணும் பண்ணாது. கூட்டை உடைச்சுக்கிட்டுக் குஞ்சுகள் நீந்தி வர்ற ஒண்ணு ரெண்டு நாள்தான் அதைக் காப்பர் கொல்லும். அதனாலதான் அளவு ஒரு நாள் கூட இறங்காம வாரக்கணக்குல நிக்கணும்கறது. உன் டேங்க்ல அது ஒரு ராத்திரி கூட நிக்கல. கூடு 72 நாள் வரைக்கும் உடையாம இருந்ததாப் பதிவு இருக்கு.

அதனால நான் உன் இடத்துல இருந்தா ரெண்டு வேலையையும் சேர்த்து முடிப்பேன். மீன் எல்லாத்தையும் வெளிய எடு. 100 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிஞ்சுக்க ரெண்டு மூணு பிவிசி எல்போ. கல்லு கிடையாது, மணல் கிடையாது. சென்னை வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு. அங்க லேபிள் இருக்கற மருந்தாப் போடு. நான் குப்ரமின் போடுவேன். ஒரேயடியா ஏத்தாம நாலஞ்சு நாள்ல 0.5க்குக் கொண்டு வா, டாங்குக்கு அவசரம் ஆகாது. பாட்டில்ல 14 நாள்னு இருக்கும், நான் 30 நாள் வைப்பேன். தினம் அளந்து பாரு. தண்ணி மாத்தறப்ப புதுத் தண்ணியிலயும் அதே அளவு மருந்தைக் கலந்துட்டு ஊத்து, இல்லன்னா உன் பழைய கதைதான்.

டிஸ்ப்ளே டேங்க் 76 நாள் மீனே இல்லாம ஓடட்டும். குஞ்சு வெளிய வந்து ஒட்டிக்க மீன் கிடைக்கலன்னா செத்துப்போகும். அந்த 76 நாள்தான் உனக்குக் காப்பர் எடுக்கற நேரமும். ஃபில்டர்ல நல்ல ஆக்டிவேட்டட் கார்பன், வாரா வாரம் மாத்து. அதோட காப்பரை உறிஞ்சற பொருள் ஒண்ணு, கிடைச்சா குப்ரிசார்ப், இல்லன்னா பாலிஃபில்டர்ங்கற பஞ்சுத் துண்டு. பாலிஃபில்டர்ல ஒரு வசதி, காப்பரைப் பிடிச்சா நீலமாகும். கிட் காட்டாததை அது காட்டும்.

கல்லை வச்சுக்கலாமா வேண்டாமான்னு உன் கல்லுகிட்டயே கேளு. ஒரு 15 லிட்டர் பக்கெட்ல புதுசாக் கலக்கின உப்புத்தண்ணி, அதுல ஒரு நாலு கிலோ கல்லு, ஒரு ஏர் ஸ்டோன், ஒரு சின்னத் துண்டு பாலிஃபில்டர். இன்னொரு பக்கெட்ல அதே மாதிரி மணல். ஒரு வாரம் விட்டுட்டு எந்தத் துண்டு நீலமாகுதுன்னு பாரு.

கடைசியா ஒண்ணு. நிறைய கடைங்கள்ல மீன் ஓடற தண்ணியிலயே குறைஞ்ச அளவுல காப்பர் எப்பவும் இருக்கும். அது நோயை அமுக்கி வைக்கும், தீர்க்காது. அதனாலதான் கடையில ஒரு மாசம் நல்லா இருந்த மீன் உன் வீட்டுக்கு வந்து ஒம்பதாம் நாள் ரவை தூவிக்கிச்சு. பை தண்ணியை டேங்க்ல ஊத்துற பழக்கம் இருந்தா அதையும் விடு.

---

கரும்பலகை எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுப்பவன், கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

340 லிட்டர் என்பது வெறும் கண்ணாடிப் பெட்டியின் கொள்ளளவு. கல், மணல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக உங்களிடம் தண்ணீர் 270 லிட்டர் இருந்தால் அதிகம். முதல் நாள் 0.4 என்றால் 270 லிட்டரில் 108 மில்லிகிராம் காப்பர். அடுத்த நாலு தடவை 0.2 வீதம் ஏற்றினீர்கள், தடவைக்கு 54. ஆக மொத்தம் 324 மில்லிகிராம். நிறுத்திய நாளில் தண்ணீரில் 0.1, அதாவது 27 மில்லிகிராம்தான். மீதி கிட்டத்தட்ட 300 மில்லிகிராம் கல்லிலும் மணலிலும் இருக்கிறது. அது முழுக்கத் திரும்பக் கரைந்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் வரும். முழுக்க ஒரே நாளில் கரையாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

உங்கள் நாலு தண்ணீர் மாற்றத்தையும் பாருங்கள். 0.75 ஐ நாலு தடவை பெருக்கினால் 0.32. தண்ணீரில் இருந்த 27இல் 18 வெளியே போயிருக்கும். 324இல் 18.

பாட்டிலில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரே ராத்திரியில் பாதிக்கு மேல் இறங்கியதைப் பார்த்தால் அது வெறும் காப்பர் சல்பேட், நம் நாட்டுமருந்துக் கடையில் மயில்துத்தம், துருசு என்று கேட்டு வாங்கும் அதேதான் என்று நினைக்கிறேன். கீலேட் செய்த, அதாவது காப்பரை வேறொரு சேர்மத்தோடு பிணைத்து வைத்த மருந்து அவ்வளவு வேகமாகப் படியாது. வெறும் காப்பருக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 0.15 முதல் 0.20. நீங்கள் 0.4 போட்டீர்கள். குட்டி ஏஞ்சல் வகை மீன்கள் காப்பரைத் தாங்காது என்று பெயர் வாங்கியவை. கோரல் பியூட்டிக்கு நடந்தது புரிகிறது.

யாராவது இதைப் படித்துவிட்டு மயில்துத்தத்தை நேராக வாங்கிக் கரைக்கலாமே என்று யோசிப்பதற்கு முன்: அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு, சுமார் 25.5 சதவீதம்தான் காப்பர். இந்த 270 லிட்டருக்கு 0.2 வர வேண்டுமானால் 212 மில்லிகிராம் துத்தம் போதும். ஒரு சிட்டிகைகூட வராது. திராட்சைத் தோட்டத்துக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்கும் போர்டோ கலவைக்கு விற்கும் துத்தத்தில் வேறு என்ன கலந்திருக்கும் என்பதும் தெரியாது.

வகுப்பில் நான் சொல்லும் ஒரு வேடிக்கை: இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே காப்பர்தான். நமக்கு இரும்பு, அதற்குச் செம்பு. அப்படிப்பட்ட பிராணிக்குத்தான் தண்ணீரில் இம்மியளவு செம்பு கூடினாலும் உயிர் போகிறது.

---

ஜூரோங்_மீன் எழுதியது:

சிங்கப்பூர்ல இருந்து ஒரு எச்சரிக்கை. டப்ல காப்பர் போட்டா ஃபில்டர் பாக்டீரியாவும் தடுமாறும், அமோனியா ஏறும். அதைப் பார்த்து பயந்து டிக்ளோரினேட்டர் எடுத்து ஊத்திடாதீங்க. குளோரினை உடைக்கற அந்த மருந்து காப்பரையும் வேற வடிவத்துக்கு மாத்தும், அது மீனுக்கு இன்னும் விஷம். இங்க பைப் தண்ணியில குளோரமின்ங்கற கிருமிநாசினி கலக்கறாங்க, அதனால கை தானா அந்த பாட்டிலுக்குப் போகும். நான் ரெண்டு க்ளவுனை அப்படி இழந்தேன். அமோனியா ஏறினா தண்ணிய மாத்துங்க, வேற எதுவும் வேண்டாம். கார்பன் இருந்தா டப்ல இருந்து எடுத்துடுங்க, மருந்தை அது உறிஞ்சிடும்.

வெள்ளைப்புள்ளி மட்டும்தான்னா காப்பரே இல்லாம டேங்க் மாத்தி மாத்தியும் தீர்க்கலாம். 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை மீனை சுத்தமான வேற டப்புக்கு, நாலு தடவை. கீழ விழுந்தது கூடு உடைக்கறதுக்குள்ள மீன் அங்க இருக்காது. ஆனா தங்கத்தூள் தூவினாப்பல மெல்லிசா இருந்து மீன் வேகமா மூச்சு வாங்கினா அது வெல்வெட்ங்கற வேற நோய், அதுக்கு இது உதவாது. காப்பர்தான்.

பழைய_உப்பு அண்ணன்கிட்ட ஒரு விஷயத்துல எனக்கு ஒப்புதல் இல்ல. பக்கெட் சோதனை எல்லாம் எதுக்கு? கல்லையும் மணலையும் தூக்கிப் போட்டுட்டுக் கண்ணாடியை மட்டும் வச்சுக்கோங்க. சிலிக்கான் ஒட்டுக்குள்ள காப்பர் போயிருக்கும்னு சிலர் பயமுறுத்துவாங்க. நான் காப்பர் ஓடின கண்ணாடியைக் கழுவி இறால் வளர்த்திருக்கேன், ஒண்ணும் ஆகல.

---

பழைய_உப்பு எழுதியது:

சிலிக்கான் விஷயத்துல நானும் உங்க கட்சிதான். கல்லு விஷயத்துல இல்ல. 35 கிலோ கல்லு இங்க என்ன விலைன்னு தெரியும்ல. இறால் ஆசை இல்லன்னா அந்தக் கல்லு மீன் மட்டும் வளர்க்க ஆயுசு பூரா ஓடும். அந்தக் காலத்துல வெளுத்த பவள எலும்பை வச்சுக்கிட்டு டேங்க்ல எப்பவும் காப்பர் ஓட விட்டே மீன் வளர்த்தாங்க. கடைக்காரர் குடுத்த யோசனை அந்தக் காலத்து யோசனைதான். அப்ப டேங்க்ல உயிருள்ள கல்லே (பாக்டீரியாவும் புழுவும் குடியிருக்கற கல்லு) கிடையாது.

தம்பி, யாராவது "மன்னார் வளைகுடா பவளக் கல்லு மலிவா தரேன்"னு வந்தா பக்கத்துல போகாத. கல் பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. புலிக்கு இருக்கற அதே அட்டவணை.

---

வில்லிவாக்கம்_வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 324ல 18ங்கற கணக்கைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் 65 லிட்டர் உப்புத்தண்ணி கலக்கி, இடுப்பு ஒடிஞ்சு...

ஒரு சந்தேகம். மணலைத் தூக்கணும்னா எங்க போடறது? பெசன்ட் நகர் பக்கம் கடல்லயே போட்டுட்டா?

---

கரும்பலகை எழுதியது:

வேண்டாம். உங்கள் நத்தைக்கு ஆகாதது கடல் நத்தைக்கும் ஆகாது. ஏரியிலும் வேண்டாம். மூட்டை கட்டி வையுங்கள், வீட்டு வேலை நடக்கும் இடத்தில் சிமெண்டோடு கலந்து போகட்டும்.

---

வில்லிவாக்கம்_வாசி எழுதியது (ஏழு வாரம் கழித்து):

நிலவரம் சொல்லிடறேன்.

மீன் நாலும் டப்ல 30 நாள் முடிச்சு, இப்ப மருந்து இல்லாத தண்ணியில இருக்கு. நடுவுல அஞ்சாவது நாள் மறுபடி டாங் மேல புள்ளி வந்தது, நீங்க சொன்ன மாதிரியே நோய் போகல. அப்புறம் வரல. டாங் மெலிஞ்சு போச்சு, கடற்பாசி ஷீட் கிளிப்ல மாட்டி வச்சதும் தேறிட்டு வருது. பால்கனியில டப், ரெண்டு தடவை கரண்ட் போனப்ப பேட்டரி ஏர் பம்ப்தான் காப்பாத்துச்சு.

பக்கெட் சோதனை பண்ணினேன். கல்லு பக்கெட்ல ஆறு நாள்ல துண்டோட ஓரம் மட்டும் லேசான நீலம். மணல் பக்கெட்ல நல்ல நீலம், பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி. அதனால மணலை மொத்தமா எடுத்துட்டேன். எங்க அபார்ட்மெண்ட்ல புதுசா சுவர் எழுப்பறாங்க, மேஸ்திரி சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டார். கண்ணாடி அடித்தளம் வெறுமையா இருக்கு, பொண்ணுக்குப் பிடிக்கல.

டிஸ்ப்ளேல கார்பன் ஏழு தடவை மாத்தியாச்சு. முதல் பாலிஃபில்டர் கரு நீலம். ரெண்டாவது அடியில மட்டும் வெளிர் நீலம், மேல எல்லாம் பழுப்பு. இப்ப மூணாவது போட்டிருக்கேன். 76 நாள் முடிய இன்னும் கிட்டத்தட்ட நாலு வாரம் இருக்கு. பொண்ணு தினம் கேக்கறா. ஒரே ஒரு நத்தை விட்டுப் பார்க்கலாமா?

---

பழைய_உப்பு எழுதியது:

பழுப்பு வந்தா அழுக்கு, கவலை இல்ல. நீலம் துளிகூட வரக்கூடாது. மூணாவது துண்டு நீலமே இல்லாம வரட்டும், அதுக்கப்புறம் நாலாவது ஒண்ணும் போட்டு அதுவும் அப்படியே வரட்டும். அதுக்கு முன்னாடி நத்தை வேண்டாம். பொண்ணுக்கு அந்த மூணு துண்டையும் காய வச்சு வரிசையா ஒட்டிக் காட்டு, என் பேரன் அப்படித்தான் பொறுமை கத்துக்கிட்டான். மணல் இல்லாமலே ஓட்டு, கூட்டறது சுலபம்.